ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோனவன்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பொருளை எடுப்பது ஒரு காரியம், அதை வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு காரியம். முதலாவது பக்தி. இரண்டாவது பேராசை. இந்த வித்தியாசம் இங்கே பிறந்த எல்லாருக்கும் தாய்ப்பாலோடு உள்ளே போய்விடும். நான் பல வருடம் கல்ஃபில் கிடந்ததால் எனக்கு அது மறந்துபோயிற்று என்றுதான் என் மனைவி பெண்கள் சங்கத்தில் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். உண்மையில் எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

ஏலம் நடக்கும் விதம் இதுதான். விசுவாசிகள் விளைச்சலின் முதல் பலனைக் கொண்டுவந்து பந்தலில் வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, சேவல், வீட்டில் சுட்ட கேக் என்று இருக்கும். செக்ரட்டரி மைக்கைப் பிடித்து ஏலம் கூவுவார். எடுத்தவர் எழுந்து நின்று, "அது சபைக்கே இருக்கட்டு" என்பார். கைதட்டுவார்கள். அதே குலை மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரு சேவல் மத்தியானத்துக்குள் நாலைந்து சொந்தக்காரர்களைப் பார்த்துவிடும். கடைசியில் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த ஏலத்தின் மகுடம் ஒரு மெஷின். பேண்ட் சா என்பார்கள். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் வார்ப்பிரும்பு உடம்பு, மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி பெல்ட் போல ஓடும் நீண்ட வாள், நடுவில் மரத்தை வைத்துத் தள்ள ஒரு மேஜை. இதில் பக்கவாட்டில் ஒரு கியரும் உண்டு. அதைத் தள்ளினால் வாள் மெதுவாக ஓடும், இரும்பையும் அறுக்கும். பனச்சமூடு பக்கம் மரம் அறுக்கும் மில் வைத்திருந்த ஒரு குடும்பம் மில்லை மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போகும்போது, பழைய இரும்பு எடுக்கும் ஆக்ரிக்கடைக்காரர் சொன்ன விலை பிடிக்காமல், அதைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

அந்த வருடம் செக்ரட்டரி மைக்கில் சொன்ன தமாஷ் இன்னும் ஊரில் ஓடுகிறது. "அறுப்பின் பண்டிகைக்கு ஆண்டவரு அறுக்குத மெஷினையே தந்துட்டாராக்கும்!" அதைத் தொடர்ந்து அவர் அறுப்பைக் குறித்துப் பேச ஆரம்பித்தார், பந்தலில் பாதிப் பேர் தூங்கிய பிறகுதான் நிறுத்தினார். சக்கரமும் வாளும் இல்லாமல் எங்கள் ஊரில் நன்றாக அறுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இது செத்த யானை. அசைக்க ஆள் இல்லை என்பதால் ஏலத்துக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. எடுக்கிறவர் கட்டாயம் திருப்பிக் கொடுப்பார், வேறு வழியும் இல்லை. வருடா வருடம் யாராவது ஒரு பெரிய மனிதர் அதை எடுப்பார், சபைக்கே விடுவார், கைதட்டல் வாங்குவார். மெஷின் சர்ச்சுக்குப் பின்னால் பலாமரத்தடியிலேயே மழை நனைந்து நிற்கும். பண்டிகைக்கு முந்தின வாரம் கமிட்டி அதற்கு ஒரு கோட் பெயிண்ட் அடிக்கும். எங்கள் சபைக்கு அந்த மெஷினைப்போல உழைத்த அங்கத்தினர் வேறு யாரும் இல்லை. அது ஒரு பலகைகூட அறுக்கவில்லை என்பது தனி விஷயம்.

நான் கல்ஃபில் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் இதே மாதிரி ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனி மூடியதும் ஊருக்கு வந்து, தேனீப்பெட்டி செய்யும் தொழிலை ஆரம்பித்தேன். ரப்பர் தோட்டத்தில் தேன் எடுப்பவர்களுக்குப் பெட்டி மரத்தில் வேண்டும், அது நிற்கும் கால் இரும்பில் வேண்டும். நான் பலகையை ஒரு மில்லிலும் இரும்பை வேறொரு கடையிலும் கொடுத்து அறுத்து வாங்குவேன். பலகை கோணலாக வரும், கால் நொண்டியாக வரும். இரண்டையும் சேர்த்தால் வரும் பெட்டியைத் தேனீயே திரும்பிப் பார்க்காது. என் கையில் அப்படி ஒரு மெஷின் மட்டும் இருந்தால் பிழைத்துக்கொள்வேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இன்னொரு பக்கம் என் மனைவியின் அண்ணன். அவர் கல்ஃபில் எனக்கு ஒரு விசாவைத் தயாராக வைத்திருந்தார். வாரம் ஒருமுறை போன் செய்து, விசா சுகமாக இருக்கிறது என்று தெரிவிப்பார். எனக்குத் திரும்பிப் போக மனம் இல்லை. அங்கே என் கட்டிலுக்கு மேலே இன்னொருவன் கட்டில். அவன் திரும்பிப் படுத்தால் எனக்கு விழிப்பு வரும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் என் மனைவி நான் இல்லாமல் எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்திப் பழகியிருந்தாள். நான் வந்ததும் அவள் வீட்டில் ஒரு விருந்தாளி போக மறந்து தங்கிவிட்டான் என்பதுபோல் இருந்தது எனக்கு. நான் போவதைத்தான் அவள் விரும்புகிறாளோ என்று நினைக்கவே பயமாக இருந்தது. கேட்கவும் தைரியம் இல்லை. கேட்டு அவள் 'ஆம்' என்றால் என்ன செய்வது?

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த பண்டிகையில் மெஷின் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. எனக்குப் போட்டியாகக் கேட்டவர் ஒரு பல் டாக்டர். பல் போன சாதனம் என்பதால் பாசமோ என்னவோ, போன வருடமும் அவர்தான் எடுத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். நான் விடாமல் கேட்பதைப் பார்த்ததும், சரி, இந்தத் தடவை கைதட்டல் இவனுக்கு இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கைகள் தட்டுவதற்குத் தயாராக நின்றன. செக்ரட்டரி மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நான் கொண்டு போறேன்" என்றேன்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்கா? எதுக்கு மக்கா?"

"அறுக்கதுக்கு."

மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அது ஊர் முழுக்கக் கேட்டது. போதகர், "சகோதரனுக்குத் தமாஷ் கொஞ்சம் கூடுதல்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஜெபத்துக்குத்தான் பெண்கள் தலைப்பை இழுத்துவிடுவார்கள், அது ஜெப நேரமும் இல்லை.

மறுநாள் ஜேசிபி வைத்துத் தூக்கி லாரியில் ஏற்றினேன். எங்கள் ஊர் கேரள எல்லையில் இருப்பதால், சர்ச்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ரோடு நடுவில் ஒருமுறை தமிழ்நாட்டுக்குள் போய்விட்டுத் திரும்பி வரும். அந்த வளைவில் லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சர்ச்சைப் பள்ளி என்று சொல்லும் அந்த மலையாளி கேட்டார், "இது பள்ளியிலே சாதனமல்லே சேட்டா? கொண்டுபோகாமோ?"

"ஏலத்தில் பிடிச்சதாணு" என்றேன்.

"அதல்லா ஞான் சோதிச்சது" என்றார் அவர், தான் கேட்டது அது இல்லை என்று.

மாலையில், மெஷினை இறக்கி வைத்த என் தேனீப்பெட்டி ஷெட்டின் வாசலில் என் மனைவி வந்து நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை. "இனி நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு சங்கத்துக்குப் போவேன்? எல்லாரும் எடுத்தா திருப்பிக் குடுப்பாங்க. நீங்க மட்டும் லாரி கொண்டு போனீங்க" என்றாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. "ரப்பர் தளிர்க்குத வர பாப்பேன். அதுக்குள்ள இது ஓடலேண்ணா நான் அண்ணன்ட்ட சொல்லி விசாவ அடிக்கச் சொல்லுவேன். பெறகு நீங்க பேசாம போணும்." அவள் சும்மா சொல்லுகிறவள் இல்லை. ரப்பர் மரம் இலை உதிர்ப்பதையும் தளிர் விடுவதையும் அதற்கு முன்னால் நான் இவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

பெயிண்டைச் சுரண்டுவதில் வேலை ஆரம்பித்தது. மேலே வெள்ளி நிறம், சர்ச் கேட்டுக்கு அடித்து மிஞ்சியது. அதற்கடியில் நீலம், ஞாயிறு பள்ளி ஜன்னலுடையது. அதற்கடியில் கல்லறைத் தோட்டத்துச் சுவரின் மஞ்சள். எந்தக் கமிட்டி எந்த நிறம் என்று அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண்ணெய் விடும் துளைக்கும் பெயிண்ட், கியருக்கும் பெயிண்ட், பேரிங்குக்குள்ளும் பெயிண்ட். அடித்தவர் பிரஷ்ஷோடு உள்ளே இறங்கிப் போயிருக்க வேண்டும். எதையும் விடாமல் அடிக்கச் சொன்னால் எங்கள் ஊரில் எதையும் விடமாட்டார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சபையில் யாரும் வாளைப் பார்த்ததில்லை. நான் காசு கொடுத்து எடுத்தவன், பார்த்தேன். மூன்று நிறத்தில் பெயிண்ட் இருந்தது. பாதிப் பல் இல்லை.

காட்டாக்கடையில் போய்ப் புது வாள் வாங்கி, அளவுக்கு வெட்டி வளையமாக ஒட்டவைத்துக் கொண்டுவந்தேன். மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றக் கொடுத்தேன். பிறகு சக்கரத்தின் காரியம் வந்தது. சக்கரத்தின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும், வாள் அதன்மேல்தான் ஓடும். இல்லாவிட்டால் பல் இரும்பில் உரசி மழுங்கும். பழைய பட்டை பப்படம் மாதிரி நொறுங்கிப்போயிருந்தது.

நான் பட்டைக்கு அலைவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். "எலே, சுத்திலும் ரப்பரு நிக்குது. நம்ம ரப்பரு இருக்கும்போ காசு குடுத்து எதுக்குலே ரப்பரு வாங்குத?" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரையிலிருந்து நல்ல ரப்பர் ஷீட்டாக ஒன்றை எடுத்துவந்து சும்மாவே கொடுத்தார். எனக்கும் அது மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது. வேறு ஊர்க்காரன் என்றால் கடைக்குப் போய்ப் பட்டை வாங்கியிருப்பான். ரப்பர் மரத்தடியில் பிறந்து, ரப்பர் பால் விற்ற காசில் படித்தவனுக்குத்தான் ரப்பர் விஷயத்தில் இப்படி ஒரு தன்னம்பிக்கை வரும். ஷீட்டை அளவெடுத்து, நாடாவாக வெட்டி, பசை வைத்து ஒட்டினேன்.

மெஷின் ஓடியது. கொஞ்ச நேரம் ரொம்ப அழகாக ஓடியது. பிறகு சூட்டில் ஷீட் இளகி அல்வாவாகி, வாளைப் பிடித்துக்கொண்டு கூடவே வர ஆரம்பித்தது. வாள் ஒரு பக்கமாக வழுக்கி நின்றது. புகைப்புரை நாற்றம் ரோடு வரைக்கும் போயிற்று. அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள், "என்ன, இனி ஷீட்டு வியாபாரமா?" பச்சை ரப்பர் வேறு, டயர் ரப்பர் வேறு. காய்ச்சிப் பக்குவப்படுத்தாத ரப்பர் சூடு தாங்காது. இது ரப்பரே விளையாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆலோசனை சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஷீட் நல்லதுதான், மெஷின்தான் மோசம் என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். ஒட்டிக்கொண்ட அல்வாவைச் சுரண்டி எடுப்பது மூன்று கமிட்டியின் பெயிண்டைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு சக்கரங்களை ஆட்டோவில் ஏற்றி உதியன்குளங்கரைக்குக் கொண்டுபோய், லாரி டயருக்கு மறுபடி ரப்பர் போடும் கடையில் கொடுத்தேன். அவர்கள் வேகவைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டை பிறகு ஒருநாளும் அசையவில்லை.

அதற்குள் ரப்பர் இலை உதிர ஆரம்பித்திருந்தது. ஷெட் கூரை முழுவதும் சருகு. நான் அதைப் பெருக்கித் தள்ளக்கூட நிற்காமல் வாளை எடுத்து மாட்டினேன்.

அவசரத்தில் செய்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. வாள் ஒரு வளையம்தானே, அதை உள்ளே வெளியே திருப்பிப் போட முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திருப்பித்தான் போட்டிருந்தேன். கீழே பார்க்க வேண்டிய பல்லெல்லாம் மேலே பார்த்து நின்றன. மோட்டாருக்கு லைன் கொடுத்த எலக்ட்ரீஷியன் இரண்டு கம்பியை இடம் மாற்றி வைத்ததில் சக்கரமும் தலைகீழாகச் சுற்றியது. எங்கள் இருவர் தப்பும் சேர்ந்து கணக்கு நேராகிவிட்டது. வாள் மேலே பார்த்து ஓடியது, மேலே பார்த்தே அறுத்தது. நான் தள்ளிய பலகையை என் கையிலிருந்து பிடுங்கிக் கூரை ஓட்டுக்கு அனுப்பியது. ஓடு உடைந்து பலகையோடு கீழே வந்தது. அறுத்ததா என்றால், அறுத்தது. அந்தப் புகழை நான் மறைக்க விரும்பவில்லை.

சத்தம் கேட்டு என் மனைவி ஓடிவந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஷெட்டுக்குள்ளே வந்தாள். "கையக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெரலு எல்லாம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். போகும் வழியில் உடைந்த ஓட்டுத்துண்டைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனாள். நான் எரிச்சலில் இருந்ததால் அதற்கு ஒரு அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை.

வாளைத் திருப்பிப் போட்டு, கம்பியை மாற்றிக் கொடுத்து, மேஜைக்குச் செங்குத்தாக நிறுத்தி முடிக்கும்போது சரிவில் மரங்கள் செம்பு நிறத்தில் தளிர்க்க ஆரம்பித்திருந்தன. மெஷின் ஓடியது. பலகை நூல் பிடித்ததுபோல் இரண்டாக விழுந்தது. கியரைத் தள்ளி, இரும்பு ஆங்கிளை வைத்தேன். மெதுவாக, முனகிக்கொண்டே அதையும் அறுத்தது. நான் அடுக்களைக்கு ஓடிப்போய், "ஓடுது!" என்றேன். அவள், "சத்தம் கேட்டுச்சு" என்றாள். அடுக்களை மேஜைமேல் அவள் போன் கிடந்தது. பாஸ்போர்ட் காப்பி அனுப்பச் சொல்லி அண்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது. அனுப்பினாளா, அனுப்பப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தளிர்ப்பதற்குள் ஓடவில்லை என்றால் போ என்றுதானே சொன்னாள்? ஓடினால் இரு என்று அவள் வாயிலிருந்து வரவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதம் நான் மாங்கு மாங்கென்று உழைத்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். மெஷின் அதைத் தரவில்லை.

மறுநாள் செக்ரட்டரியும் பொருளாளரும் வந்தார்கள். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பெயிண்ட் இல்லாத மெஷினைப் பார்க்க அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும்போல. பொருளாளர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "நல்லா ஓடுதுண்ணு கேட்டோம். சந்தோசம். இனி இது சபைக்குத் திரும்பி வரணும்லா? ஓடுத மெஷினுண்ணா ஏலம் இன்னும் கூடும்."

"நான் ஏலத்துல எடுத்ததுல்லா?" என்றேன்.

"எடுத்தது செரிதான் மக்கா, ஆரு இல்லேண்ணு சொன்னா? எடுத்தா திருப்பி வைக்கணும், அதாக்கும் முறை." அவர் குரலைத் தாழ்த்தி, அன்பாகத் தோளில் கைவைத்தார். "பின்ன, நீ எப்படியும் கல்ஃபுக்குத் திரும்பிப் போறவன். ஊருக்கே தெரியும். நீ போனா இது இங்க சும்மா கெடந்து துருப்புடிக்கும். அதுக்குச் சபையில நிக்கட்டு."

அவர் சொன்னது பொய் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் மனைவி தட்டில் சாயா டம்ளர்களோடு ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டை அப்படியே அறுத்த பலகைகள்மேல் வைத்தாள்.

"ஆரு சொன்னா?" என்றாள்.

செக்ரட்டரி சிரித்தார். "எல்லாரும் சொல்லுதது தானே..."

"எல்லாரும் கெடக்கட்டு. நான் சொன்னேனா? அவரு எங்கயும் போவல்ல. இத்தன வருசம் போனது போரும். மெஷினும் எங்கயும் வராது. சபைக்கு வேணும்ணா ஒரு குப்பி தேன் தாறோம், ஏலத்துல போடுங்க. நானே எடுத்து நானே திருப்பித் தாறேன், போருமா? சாயா குடிங்க."

அந்தக் குரலில் சாயா குடிக்கச் சொன்னால் எவனும் குடிக்க மாட்டான். இருவரும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முனகிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்கள்.

ஒவ்வொரு லீவு முடிந்தும் விமான நிலைய வாசலில் பெட்டியோடு நின்று, போகாதே என்று அவள் ஒரு சொல் சொல்லமாட்டாளா என்று காத்திருந்தவன் நான். கடைசியில் அதைச் சொன்னாள், ஆனால் எனக்கு இல்லை, எங்கள் செக்ரட்டரிக்கு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்ன முழிச்சிட்டு நிக்குதீங்க? போய் ஓட்டுங்க" என்றாள். "அவிய ரோட்டுக்கு எறங்கதுக்கு முன்ன சத்தம் கேக்கணும்."

கண் கலங்கியதில் சுவிட்ச் தெரியவில்லை. சுவரைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். அறுக்கக் கையில் பலகை எதுவும் இல்லை. சும்மாவே ஓடவிட்டேன்.